கற்றுத்தர ஆள் இருந்த வேலை

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 1931-இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோது, நகரத்தில் வேலை பார்ப்பவர்கள் நகரத்துக்கு வெளியே குடியிருக்க உதவும் பாதையாகவே அது பார்க்கப்பட்டது. அடுத்து வந்த பல பத்தாண்டுகளில், அந்தப் பாதையை ஒட்டி ஏற்கெனவே இருந்த தறிகளோடும் தோல் பதனிடும் கூடங்களோடும் இயந்திரத் தொழிற்சாலைகளும் ஏற்றுமதி வளாகமும் பெரிய ஜவுளிக் கடைகளும் வந்து சேர, பல மாவட்டங்களிலிருந்தும் படிப்பை முடித்தவர்களும் முடிக்காதவர்களும் ஒரு பையோடு வந்திறங்கி முதன்முதலாகச் சம்பளம் வாங்குகிற வட்டாரமாகத் தாம்பரமும் அதன் சுற்றுப்புறமும் மாறின. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021-இல் மாநகராட்சி அமைத்தார்கள். இந்த ஊர்களுக்கிடையே வேலை தேடி அலைந்தவர்களின் கால்களுக்கு அவை அதற்கு வெகுமுன்பே ஒரே ஊராகத்தான் இருந்தன.

முதல் வேலை என்ற சொல் இங்கே ஒருவர் வாங்கிய முதல் கூலியை மட்டும் குறிக்கவில்லை. தன் தொழில் இன்னதென்று தயங்காமல் சொல்லிக்கொள்ளும் நிலைக்கு வருமுன் ஒருவர் பார்த்த வேலைகள், சேர்ந்து சில மாதங்களில் விட்டவையும் துரத்தப்பட்டவையும் உட்பட, எல்லாவற்றையும் சேர்த்தே குறிக்கிறது. அந்த ஆண்டுகளைப் பற்றி யார் பேசினாலும் சம்பளத் தொகை ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. பேச்சு நீள்வதெல்லாம் ஒரு மேஸ்திரியைப் பற்றியோ ஒரு சூப்பர்வைசரைப் பற்றியோ பக்கத்து இயந்திரத்தில் இருந்த அக்காவைப் பற்றியோதான். இதை வெறும் நினைவேக்கமாக எடுத்துக்கொள்வது தவறு. தெரியாத ஒன்றைத் தெரிந்தவர் பக்கத்தில் நின்று காட்டித்தர, அதற்கான நேரத்தை அந்த இடம் அவருக்குக் கொடுத்திருந்ததா என்பதில்தான் ஒரு முதல் வேலை நல்லதாகவோ கெட்டதாகவோ அமைகிறது. கூலியும் வேலை நேரமும் கழிவறை வசதியும் முக்கியமானவை, அவற்றுக்காகப் போராடியே ஆக வேண்டும். ஆனால் கற்றுத்தரும் நேரம் என்ற கணக்கை யாரும் கேட்பதும் இல்லை, எந்தப் பதிவேட்டிலும் அது ஏறுவதும் இல்லை.

பழைய தொழில்களிலிருந்து தொடங்கினால் இந்தக் கணக்கின் இரண்டு எல்லைகளும் அடுத்தடுத்த ஊர்களிலேயே கிடைக்கின்றன. அனகாபுத்தூரில் தறி வீட்டுக்குள்ளேயே இருந்தது. மேற்கு ஆப்பிரிக்காவுக்கு, குறிப்பாக நைஜீரியாவுக்கு, ஏற்றுமதியான ‘மெட்ராஸ் கைக்குட்டை’ எனப்பட்ட கட்டம்போட்ட துணி ஒரு காலத்தில் இங்கே நெய்யப்பட்டது. தறிக்குழியில் இறங்கி உட்காரும் வயது வருமுன்பே பிள்ளைகள் தார் சுற்றுவதிலும், அதாவது ஊடைநூலைச் சிறு குழல்களில் சுற்றித் தருவதிலும், அறுந்த இழையை முடிவதிலும் பழகினார்கள். கற்றுத்தருவதில் இங்கே குறையே இல்லை. தகப்பனும் பாட்டியும் நாள் முழுதும் பக்கத்தில்தான் இருந்தார்கள். குறை வேறு இடத்தில் இருந்தது. அந்தப் பிள்ளையின் உழைப்புக்குத் தனிக் கூலி கிடையாது, பள்ளிக்கூடம் போகும் நேரத்தைத் தறி எடுத்துக்கொண்டது, வெளிநாட்டுச் சந்தை கைவிட்டபோது கற்ற கைக்கே வேலை இல்லாமல் போயிற்று.

குரோம்பேட்டை இதற்கு மறுமுனை. குரோமிய உப்பைக் கொண்டு தோலை விரைவாகப் பதப்படுத்தும் முறையை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே பெரிய அளவில் நடத்திய குரோம் லெதர் கம்பெனியின் பெயரைத்தான் அந்த ஊர் இன்றும் தாங்கி நிற்கிறது. பின்னாளில் நாகல்கேணிப் பக்கம் சிறு பதனிடும் கூடங்கள் பெருகின. பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்து, மயிரை நீக்கி, உட்புறம் ஒட்டிய சதையைச் சீவியெடுத்த பிறகே பதனிடும் வேலை தொடங்கும்; புதிதாகச் சேர்பவருக்கு வாய்ப்பது பெரும்பாலும் இந்த ஈர வேலைதான். அதில் யார் சேர்வார்கள் என்பதைச் சாதி முன்கூட்டியே முடிவுசெய்து வைத்திருந்தது. தோலின் தரம் பார்ப்பதும் இரசாயனக் கலவையின் அளவு சொல்வதும் வேறொருவர் கையில் இருக்க, தொட்டியில் நிற்பவர் பல ஆண்டுகள் நின்றாலும் அந்த அறிவு அவர் கைக்கு மாறுவதற்கு ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. முதல் வேலையே கடைசி வேலையாகவும் ஆகிவிடுவதைவிடக் கொடிய அநீதி வேலையுலகில் அதிகம் இல்லை. தமிழகத்தில் அது பெரும்பாலும் பிறப்பை ஒட்டியே நடந்திருக்கிறது என்பதைச் சொல்லாமல் முதல் வேலைகளைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது.

சுதந்திரத்துக்குப் பின் வந்த தொழிற்சாலைகள் மூன்றாவது ஒரு வழியைத் திறந்தன. கிண்டித் தொழிற்பேட்டை 1950-களின் பிற்பகுதியில் அமைந்தது. பல்லாவரத்தில் இங்கிலீஷ் எலெக்ட்ரிக்கும் பாண்ட்ஸும், பெருங்களத்தூர்–வண்டலூர்ப் பக்கத்தில் ஹெரால்டு காரைத் தயாரித்த ஸ்டாண்டர்டு மோட்டார்ஸும் இருந்தன. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, மூன்று ஆண்டுக்கொரு முறை புதுப்பித்து, கடிதத்துக்காகக் காத்திருந்த ஒரு தலைமுறைக்கு இந்த ஆலைகளின் பெயர்கள் மந்திரம் போல இருந்தன. தொழிற்பயிற்சி நிலையம் எனப்படும் ஐ.டி.ஐ.யில் படித்துவிட்டு வந்த பையன் முதலில் எதைச் செய்தான் என்று பார்த்தால், கற்றுத்தருதல் என்று இங்கே சொல்லப்படுவது என்னவென்று விளங்கும்.

ஃபிட்டர் பிரிவில் சேர்ந்தவனுக்கு முதல் பாடம் ராவுதல். ஓர் இரும்புத் துண்டை வைஸில் இறுக்கி, முதலில் முரட்டு அரத்தாலும் பிறகு மென் அரத்தாலும் தேய்த்து, அதன் ஒரு முகத்தைத் தட்டையாக்கி, அடுத்த முகத்தை அதற்குச் செங்குத்தாக்க வேண்டும். பார்ப்பவருக்கு எளிதாகத் தெரியும் இந்த வேலையில் புதியவனின் கை தன்னையறியாமல் மேலும் கீழும் ஆடும். அதனால் துண்டின் விளிம்புகள் அதிகம் தேய்ந்து நடுப்பகுதி மேடாக நிற்கும். மூலைமட்டத்தை முகத்தின்மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால், இடைவெளி உள்ள இடத்தில் மெல்லிய ஒளிக்கீற்று தெரியும். தெரிந்தால் திரும்பவும் ராவ வேண்டும். அரத்தை முன்னே தள்ளும்போது மட்டும் அழுத்தம் வேண்டும், பின்னுக்கு இழுக்கும்போது அழுத்தினால் பற்கள் மழுங்கிவிடும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. ஆனால் அழுத்தம் எவ்வளவு என்பதைப் புத்தகம் சொல்லாது. மூத்தவர் ஒருவர் பையனின் கைமேல் தன் கையை வைத்து நான்கு முறை தள்ளிக் காட்டினால்தான் அது தெரியும். அந்த நான்கு தள்ளல்களுக்கான நேரம், அந்த மூத்தவர் தன் உற்பத்தியிலிருந்து எடுத்துக்கொடுத்த நேரம். அதை அவரால் எடுத்துக்கொடுக்க முடிந்ததற்குக் காரணம் அவருடைய பெருந்தன்மை மட்டுமன்று. அவர் வேலை நிரந்தரமாக இருந்தது, கற்றுக்கொண்ட பையன் தன் இடத்தைப் பிடுங்கிக்கொள்வான் என்ற பயம் அவருக்கு இல்லை. பணிப் பாதுகாப்புக்கும் கற்றுத்தருதலுக்கும் இடையிலுள்ள இந்த உறவு தொழிற்சங்க மேடைகளில்கூட அதிகம் பேசப்பட்டதில்லை.

அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கிவிடவும் கூடாது. ஆலைக்குள் நுழைவதற்குச் சிபாரிசு வேண்டியிருந்தது. இயந்திரப் பிரிவுகளில் பெண்களைக் காண்பது அரிது. நிரந்தரம் என்று நம்பிய ஆலையே மூடப்பட்டால் போக்கிடம் இல்லை. ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் 1980-களின் பிற்பகுதியில் கார் உற்பத்தியை நிறுத்தியது. அந்த நிலத்தில் இப்போது தகவல் தொழில்நுட்ப வளாகம் நிற்கிறது. அங்கே வேறொரு தலைமுறை தன் முதல் வேலையைப் பார்க்கிறது.

குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்த ஒருவரின் தொடக்க ஆண்டுகள் இந்த வட்டாரத்துக்கு நன்கு தெரிந்தவை, ஆனாலும் அவற்றில் கவனிக்கப்படாத ஒரு பகுதி இருக்கிறது. சி. ராஜம் 1949-இல் நிறுவிய அந்தக் கல்லூரியில் அப்துல் கலாம் விமானப் பொறியியல் படிக்கச் சேர்ந்தபோது கட்டணத்துக்காக அவருடைய சகோதரி ஜோஹரா நகைகளை அடகுவைத்ததும், அதற்கு வெகுமுன்பு இராமேசுவரத்தில் சிறுவனாக இருந்தபோது, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், ஓடும் ரயிலிலிருந்து வீசப்பட்ட நாளிதழ்க் கட்டுகளைப் பொறுக்கி உறவினர் சம்சுதீனுக்கு உதவி முதல் சம்பாத்தியம் பெற்றதும் பள்ளிப் பாடங்கள்வரை போய்விட்ட செய்திகள். படிப்பை முடித்ததும் அவர் பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸில் பயிற்சியாளராகச் சேர்ந்து, விமான எஞ்சின்களைப் பிரித்துப் பழுதுபார்த்துப் பூட்டும் பிரிவில் வேலை செய்தார் என்பது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. பல்கலைக்கழகத்தில் கால்வைக்காத தொழில்நுட்பப் பணியாளர்கள் பல ஆண்டுக் கைப்பழக்கத்தால் வேலையை உள்ளுணர்வாகவே அறிந்திருந்ததை அவர் தம் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் மதிப்போடு பதிவு செய்திருக்கிறார். பட்டம் பெற்ற பொறியாளர் பட்டம் பெறாதவர்களிடம் கற்றதாகச் சொல்வது இந்தியச் சூழலில் அரிது. தமிழ்ச் சூழலில் இன்னும் அரிது. பிறகு விமானப்படைத் தேர்வில் எட்டு இடங்களுக்கு ஒன்பதாவதாக வந்து வாய்ப்பை இழந்ததும், 1958-இல் 250 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் மத்திய அரசின் பாதுகாப்புத் துறையில் சேர்ந்ததும் அவர் வாழ்க்கையின் திருப்பங்களாகச் சொல்லப்படுகின்றன. அவரைப் பொறியாளராக உருவாக்கியவற்றில் அந்த எஞ்சின் பட்டறையின் பெயரில்லாத கைகளுக்கும் பங்கு உண்டு.

தாம்பரம் சானடோரியத்தில் 1984-இல் தொடங்கப்பட்ட சென்னை ஏற்றுமதி வளாகம், வட்டாரப் பேச்சில் மெப்ஸ், இந்தக் கதையில் பெண்களைப் பெரிய எண்ணிக்கையில் கொண்டுவந்து சேர்த்தது. சுங்கவரிச் சலுகையோடு வெளிநாட்டுச் சந்தைக்கென்றே உற்பத்தி செய்யும் தனி வளாகம் என்பதால் தைப்பு ஆலைகளும் மின்னணு ஆலைகளும் அங்கே வந்தன. தைப்பு ஆலையில் சேரும் பெண் முதலில் ஹெல்பர். வெட்டுப் பிரிவிலிருந்து வரும் பண்டலைப் பிரித்து அடுக்குவதும், தைத்து முடிந்த உருப்படியில் தொங்கும் நூலை நறுக்குவதும், கறை இருக்கிறதா என்று பார்ப்பதும் அவள் வேலை. இயந்திரத்தில் உட்கார்ந்தால்தான் டெய்லர் என்ற நிலையும் அதற்குரிய கூலியும் கிடைக்கும். ஆனால் மணிக்கு இத்தனை உருப்படி என்று டார்கெட் வைத்து ஓடும் லைனில் ஓர் இயந்திரத்தைப் பழகுபவளுக்கு விட்டுக்கொடுக்க முடியாது. ஆகவே சாப்பாட்டு நேரத்தில், தன் உணவை அவசரமாக முடித்துக்கொண்டு, காலியாக இருக்கும் இயந்திரத்தில் உட்கார்ந்து, கழிவுத் துணியில் நேர்த்தையல் போட்டுப் பழகுவதே வழியாயிற்று. பக்கத்திலிருக்கும் அக்கா தன் ஓய்வு நேரத்தைக் கொடுத்து, துணியை இழுக்காதே, அது தானாகப் போகும், கையை வைத்து வழிகாட்டினால் போதும் என்று சொல்லித்தருகிறாள். ஆலையின் ஏற்றுமதியில் அந்தச் சொல்லித்தரலின் பங்கு பெரியது. அதற்கு ஆலை ஒரு ரூபாயும் கொடுப்பதில்லை. என்றாலும் இந்த வேலையைக் கெட்ட வேலை என்று ஒதுக்கிவிட முடியாது. சொந்தப் பெயரில் வங்கிக் கணக்கும் பி.எஃப். எண்ணும் பெற்று, திருமணத்தைச் சில ஆண்டுகள் தள்ளிப்போடும் துணிவையும், தம்பி தங்கைகளின் படிப்பைத் தீர்மானிக்கும் குரலையும் இந்தக் கேட்டுக்குள் நுழைந்துதான் பல பெண்கள் பெற்றார்கள்.

இனி சட்டத்துக்கு வர வேண்டும், ஏனெனில் கடந்த கால் நூற்றாண்டில் முதல் வேலையின் இயல்பு மாறியதில் பயிற்சி என்ற பெயருக்குப் பெரிய இடம் உண்டு. தொழிற்பழகுநர் சட்டம் 1961-இல் வந்தது. பழகுநர் என்பவர் ஒப்பந்தப்படி குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு நிறுவனத்தில் தொழில் பயில்பவர். அவருக்குக் கிடைப்பது ஊதியம் அன்று, உதவித்தொகை. அந்தச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு பழகுநர் தொழிலாளி அல்லர் என்கிறது. ஆலைப் பாதுகாப்பு, காயத்துக்கான இழப்பீடு போன்ற சிலவற்றைத் தவிர, தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தா. பயில்பவரிடமிருந்து உற்பத்தியை எதிர்பார்க்க முடியாது என்ற நியாயமான எண்ணத்தின் மேல் எழுந்த விதி இது. இதற்குப் பக்கத்தில் தமிழகத்துக்கே உரிய இன்னொரு சட்டத்தை வைத்துப் பார்க்க வேண்டும்: 24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்கிற 1981-ஆம் ஆண்டுச் சட்டம். இரண்டும் நல்ல நோக்கத்தோடு வந்தவை. ஆனால் தொழிலாளி என்ற பெயரே சூட்டப்படாதவருக்கு அந்த 480 நாள் கணக்கு தொடங்குவதே இல்லை. தொடங்கியவருக்கோ, கணக்கு நிறையுமுன் வேலையை முறித்து அனுப்பிவிடும் வழக்கம் தொழிற்பேட்டைகளில் வேரூன்றியிருக்கிறது.

அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2013-இல் கொண்டுவந்து பின்னர் கைவிட்ட நீம் என்னும் திட்டம் இந்தப் போக்கை விரிவாக்கியது. மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை பயிற்சி, முடிவில் வேலைக்கு உறுதி கிடையாது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்குப் போகும் கம்பெனிப் பேருந்துகளில் விடியுமுன் ஏறிய இளைஞர்களில் பலர் இப்படி ஏதோ ஒரு பயிற்சிப் பெயரில் போனவர்கள். ஒரு திருகை ஒரே இடத்தில் இறுக்குவதைக் கற்க எத்தனை நாள் ஆகும்? அதைக் கற்ற பிறகு மீதியிருக்கும் மாதங்களில் அவன் செய்தது பயிற்சியா, உற்பத்தியா? பழகுநருக்கான குறைந்தபட்ச உதவித்தொகை 2019-இல் படிப்புக்கேற்ப மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை என உயர்த்தப்பட்டபோது தொகையைப் பற்றித்தான் பேச்சு நடந்தது. யார் கற்றுத்தருகிறார், வாரத்தில் எத்தனை மணி நேரம், எந்தெந்த வேலைகளில் மாற்றி மாற்றி அமர்த்துகிறார்கள் என்பதை வெளியிலிருந்து வருபவர் யாரும் பார்த்துக் கையெழுத்திடும் நிலை ஆலைகளில் வரவில்லை. வந்தாக வேண்டும். பயிற்சி என்ற பெயரால் ஒரு நிறுவனம் சட்டத்திலிருந்து விலக்குப் பெறுகிறதென்றால், அந்த விலக்குக்கு விலையாக அது கொடுக்க வேண்டியது உண்மையான கற்பித்தல்.

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006-இல் உற்பத்தி தொடங்கியபோது பிளஸ் டூ முடித்த ஆயிரக்கணக்கான இளம்பெண்களுக்கு அதுவே முதல் வேலை. 2014 நவம்பரில் அது மூடப்பட்டபோது அவர்களில் பலர் முப்பதைக்கூட எட்டியிருக்கவில்லை. கைபேசியின் ஒரு பாகத்தைப் பொருத்தும் திறமையை அதே மாதிரி இன்னோர் ஆலை அருகில் இல்லாத நிலையில் எங்கே கொண்டுபோவது என்ற கேள்வியோடு அவர்கள் வீடு திரும்பினார்கள். பின்னர் மின்னணு ஆலைகள் மீண்டும் வந்தன, மீண்டும் அதே வயதுப் பெண்களையே எடுத்தன. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள், விடுதி உணவால் தோழிகள் நோயுற்றதைக் கண்டு நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தபோது, தங்குமிடமும் சாப்பாடும் தண்ணீரும் முதல் வேலையின் பகுதிகளே என்பதை நாடு அறிந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு வீட்டை விட்டு வெளியே கழித்த முதல் ஆண்டு அது. சேர்ந்து உட்கார்ந்தால் கேட்பார்கள் என்பதை அவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டார்கள். அந்தப் பாடத்தை நடத்த எந்த ஆலையும் ஆள் வைப்பதில்லை.

குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. சாலையிலுள்ள பெரிய கடைகளைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. திநகர் ரங்கநாதன் தெருவை வைத்து வசந்தபாலன் 2010-இல் எடுத்த ‘அங்காடித் தெரு’ அந்த வாழ்க்கையைத் தமிழர் எல்லோருக்கும் காட்டிவிட்டது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழக அரசு 2021-இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. நாள் முழுதும் நின்றுகொண்டே புடவையை விரித்து மடிப்பவருக்கு ஒரு நாற்காலி கிடைக்கச் சட்டமன்றம்வரை போக வேண்டியிருந்ததே என்ற வருத்தம் ஒருபுறம் இருக்க, அந்த நாற்காலிகள் இன்று எத்தனை கடைகளில் உண்மையில் உட்காரப் பயன்படுகின்றன என்பதை உள்ளே போகிற எவரும் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது தாம்பரத்தில் இறங்கும் இளைஞனுக்குச் சில நாட்களுக்குள் கிடைக்கக்கூடிய வேலை உணவு விநியோகம். பைக்கும் கைபேசியும் ஓட்டுநர் உரிமமும் இருந்தால் போதும். சிபாரிசு வேண்டாம், சாதி கேட்பவர் இல்லை, மேஸ்திரியின் வசவு இல்லை. இந்த விடுதலை சிறிதன்று, பழைய பட்டறைகளை நினைத்து ஏங்குபவர்கள் இதை மறந்துவிடக் கூடாது. ஆனால் அங்கே கற்றுத்தரவும் எவரும் இல்லை. எந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் எந்த வாசல் திறந்திருக்கும், மழைநாளில் முடிச்சூர்ப் பக்கம் எந்தச் சாலையில் தண்ணீர் தேங்கும், ஆர்டர் ரத்தானால் எங்கே முறையிட வேண்டும் என்பதையெல்லாம் ஓட்டல் வாசலில் காத்திருக்கும் மூத்த ஓட்டுநர்கள் புதியவருக்குச் சொல்லித்தருகிறார்கள். அவர்கள் சொல்லித்தரும் அந்த நிமிடங்களில் அவர்களுக்கு வருமானம் இல்லை. தமிழக அரசு 2023-இல் இத்தகைய தொழிலாளர்களுக்கென நலவாரியம் அமைத்தது. விபத்துக்கும் மரணத்துக்கும் உதவி கிடைக்க அதனால் வழி பிறந்தது. இன்னொன்று அந்த வாரியத்தின் கவனத்துக்குப் போக வேண்டும். அரம் பிடித்தவன் அடுத்த ஆலைக்குத் தன் கையைக் கொண்டுபோனான். மெப்ஸ் பெண் அடுத்த லைனுக்குத் தன் தையலைக் கொண்டுபோகிறாள். விநியோக ஊழியர் பல மாதம் உழைத்துச் சேர்த்த நட்சத்திர மதிப்பீடும் முடித்துக்கொடுத்த ஆர்டர்களின் கணக்கும் அவர் ஓட்டிய செயலிக்கே சொந்தமாக இருக்கின்றன. வேறொரு நிறுவனத்துக்கு மாறினால் முதல் நாள் சேர்ந்தவரைப் போல மறுபடி சுழியத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். ஒரு தொழிலாளியின் பணிப் பதிவு அவருடைய உடைமை என்று விதி செய்து, அவர் கேட்கும்போது முத்திரையிட்ட அனுபவச் சான்றிதழாக அதை நிறுவனம் கொடுக்கச் செய்வதற்குப் பெருந்தொகை எதுவும் செலவாகாது.